குடம் இருக்கு, ஆள் எங்கே? எக்ஸ்வி6-இல் வேக்கப்பைத் தள்ளிப்போட்ட கதை

மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை நேற்று ராத்திரி ஒருவழியாக நின்று ஓடியது. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். இல்லையென்றால் அடுத்த வருஷம் இதே குழியில் நானே மறுபடி விழுவேன். விழுந்த பழக்கம் உண்டு.

எக்ஸ்வி6 என்பது எம்ஐடியில் பாடம் நடத்துவதற்காக எழுதிய குட்டி கர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பார்த்து 2006-இல் ஆரம்பித்தார்கள். இப்போது புழங்குவது ரிஸ்க்-ஃபைவ் என்ற ப்ராசஸர் வகைக்கான வடிவம். சனி ஞாயிறு உட்கார்ந்தால் முக்கால்வாசியைப் படித்துவிடலாம். தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடி ரூமில், பழைய இன்டெல் லேப்டாப்பில், கியூஎமுவுக்குள் (நிஜ மெஷினைப் போல நடிக்கும் ப்ரோக்ராம்) மூன்று சிபியு கொடுத்து ஓட்டுகிறேன். அதில் சொந்தமாக ஒரு மெயில்பாக்ஸ் சேர்த்தேன். ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்) செய்தி போடும், இன்னொன்று எடுக்கும், பெட்டி காலி என்றால் எடுக்க வந்தது தூங்கும். இரண்டே சிஸ்டம் கால் (ப்ராசஸ் கர்னலிடம் வேலை கேட்கும் வழி). முதல் நாளே ஓடியது. அத்தோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. எக்ஸ்வி6 எழுப்புகிற விதம் கண்ணை உறுத்தியது. வேக்கப் ஃபங்ஷன் ப்ராசஸ் டேபிளில் உள்ள 64 இடத்தையும் வரிசையாகப் பார்க்கும். ஒவ்வொரு இடத்திலும் அதன் லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரையே உள்ளே விடும் பூட்டு) பிடிக்கும், 'நீ இதற்காகத்தான் தூங்குகிறாயா' என்று பார்க்கும், விடும். இத்தனையும் நடந்து முடியும்வரை என் பெட்டியின் ஸ்பின்லாக் என் கையிலேயே இருக்கும். இன்னொரு சிபியுவில் எழுந்தவன் முதல் வேலையாக அதே பெட்டி லாக்கைக் கேட்பான். கிடைக்காது. ஸ்பின்லாக் ஆயிற்றே, நின்ற இடத்திலேயே சுற்றுவான். அவனை எழுப்பி நான் கண்டது, இன்னொரு சிபியு சூடானதுதான்.

இதற்கு நான் சின்ன வயதிலேயே திட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் தெரு அடிபம்பில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். குடத்தில் பெயின்டால் பெயர் எழுதியிருக்கும். அடிக்கிறவர் தன் முறை முடிந்ததும் அடுத்த குடத்தின் பெயரைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். நான் அவசரக்குடுக்கை, என் குடம் பாதி நிறையும்போதே கூவிவிடுவேன். எதிர் வீட்டு அக்கா ஓடி வந்து பார்த்துவிட்டு, "டேய், உன் கை இன்னும் பம்புலதான கீது, அதுக்குள்ள என்னாத்துக்குக் கூப்டுற? அடுப்புல சோத்த வுட்டுட்டு வந்துகீறேன்" என்று ஒரு பிடி பிடிப்பார். பம்பை விட்டுவிட்டு அப்புறம் கூப்பிடு. தள்ளிப்போட்ட வேக்கப் என்றால் இவ்வளவுதான். லாக்கைப் பிடித்திருக்கும்போது யாரை எழுப்ப வேண்டும் என்று ஒரு பட்டியலில் குறித்துக்கொள்வது, லாக்கை விட்ட பிறகு பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக எழுப்புவது.

லினக்ஸில் இது 2015-இல், 4.2 பதிப்பில் வேக்-க்யூ என்ற பெயரில் வந்தது. முதலில் ஃப்யூடெக்ஸ் என்ற காத்திருப்பு வசதி அதைப் பயன்படுத்தியது, பிறகு மற்ற லாக்குகளுக்கும் பரவியது. நான் அதன் அச்சைத்தான் காப்பி அடித்தேன். பட்டியலின் தலை எழுப்புகிறவனின் ஸ்டாக்கில் (ஃபங்ஷன் முடிந்ததும் அடுத்ததற்குப் போய்விடும் தற்காலிக மெமரி) இருக்கும். ஒவ்வொரு ப்ராசஸ் ஸ்ட்ரக்சரிலும் ஒரே ஒரு கொக்கி. பட்டியலில் சேர்ப்பதென்றால் அந்தக் கொக்கியை மாட்டுவது. மெமரி அலாட் செய்யும் வேலையே கிடையாது, அதனால் ஸ்பின்லாக்குக்குள் தாராளமாகச் செய்யலாம். கொக்கி காலியா என்று பார்த்து மாட்டுவது ஒரே அட்டாமிக் கம்பேர்-ஸ்வாப், நடுவில் வேறு யாரும் புக முடியாது. ஏற்கனவே வேறு யாராவது தங்கள் பட்டியலில் மாட்டியிருந்தால் நான் ஒன்றும் செய்வதில்லை. எப்படியும் அவர் எழுப்பப் போகிறார். இந்தக் கடைசி வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். என் மூன்று வாரத்தில் ஒரு வாரத்தைத் தின்றது அதுதான்.

காத்திருப்பவனின் விவரச்சீட்டுக்குக் கோடிலேயே 'குடம்' என்று பெயர் வைத்தேன். அதில் மூன்று விஷயம்: யாருடையது, நிலை என்ன, செய்தி எது. வாங்குபவன் அதைத் தன் கர்னல் ஸ்டாக்கில் வைத்து, பெட்டியின் வரிசையில் கோத்துவிட்டுத் தூங்குவான். போடுபவன் வந்து முதல் குடத்தில் செய்தியை ஊற்றி, நிலையை 'தயார்' என்று மாற்றுவான். இங்கே இன்னொரு சாமர்த்தியமும் செய்தேன். எழுந்தவன் பெட்டி லாக்கை மறுபடி பிடிக்கவே வேண்டாம். தன் குடத்தில் 'தயார்' என்று இருந்தால் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடலாம். தூங்கப் போகும் முன்பும் தன் ப்ராசஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நிலையைப் பார்ப்பான். அதற்குள் 'தயார்' ஆகியிருந்தால் தூங்காமலே கிளம்பிவிடுவான். வேகமான வழி. வினையும் அந்த வழியாகத்தான் வந்தது.

முதல் விபத்து ஒரு சனிக்கிழமை ராத்திரி. நாலு ப்ராசஸ் போட, நாலு ப்ராசஸ் எடுக்க, சோதனையை ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் 'கர்னல்ட்ராப்' என்று பேனிக், கர்னலே கைவிரித்து நின்றுவிட்டது. காரண எண் 13, அதாவது லோட் பேஜ் ஃபால்ட்: படிக்கக் கூடாத மெமரி முகவரியைப் படிக்கப் போயிருக்கிறது. ஃபால்ட் ஆன முகவரியோ பாயின்டர் (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி) மாதிரியே இல்லை, அற்பமான சின்ன எண். கம்பைல் செய்யும்போதே எக்ஸ்வி6 கர்னலின் அசெம்பிளியைத் தனி ஃபைலாக எழுதித் தரும். அதில் நின்ற இடத்தைத் தேடினால் என் கொக்கி மாட்டும் வரி. கொக்கி இருக்க வேண்டிய ப்ராசஸின் பாயின்டரில் குப்பை.

இரண்டாம் முறை விழவைக்க ஒரு மணி நேரம் ஆனது. அப்போது ஒரு வழி தோன்றியது. கியூஎமுவின் ஒவ்வொரு சிபியுவும் லேப்டாப்பில் ஒரு சாதாரண த்ரெட். லேப்டாப்பைத் திணறடித்தால் இந்த த்ரெட்கள் கண்ட இடத்தில் பாதியில் நிற்கும், நானோசெகண்ட் இடைவெளி மில்லிசெகண்டாக விரியும். பக்கத்தில் லினக்ஸ் கர்னலைக் கம்பைல் செய்ய விட்டேன். ரெண்டு நிமிடத்துக்கு ஒரு பேனிக். இந்த மாதிரி பிழை தேடுகிறவர்களுக்கு என் ஒரே சிபாரிசு: மெஷினைச் சும்மா இருக்கவிடாதீர்கள்.

நடந்தது இது. போடுபவன் முதல் வரியில் குடத்தின் நிலையை 'தயார்' என்று மாற்றுகிறான். அடுத்த வரியில் 'இந்தக் குடம் யாருடையது' என்று குடத்தைப் பார்த்துப் படிக்கிறான். இந்த இரண்டு வரிக்கும் நடுவில், இன்னொரு சிபியுவில் தூங்கப் போகவிருந்த வாங்குபவன் 'தயார்' என்பதைப் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டான். ஃபங்ஷன் முடிந்தது, அந்த ஸ்டாக் இடத்தில் அடுத்த சிஸ்டம் காலின் லோக்கல் மாறிகள் உட்கார்ந்துவிட்டன. எக்ஸ்வி6-இல் ஒவ்வொரு ப்ராசஸ் இடத்துக்கும் 4096 பைட் கர்னல் ஸ்டாக் ஒன்றை பூட் ஆகும்போதே மேப் செய்து, கடைசிவரை விட்டுவைக்கிறார்கள். அதனால் செத்த குடத்தைப் படிக்கும்போது அங்கேயே ஃபால்ட் வராது. குப்பையைச் சமத்தாகப் படித்துக்கொண்டு, அந்தக் குப்பையைப் பாயின்டராக நினைத்துத் தொடும்போதுதான் விழும்.

லினக்ஸின் மெசேஜ் க்யூ கோடில் இதே தப்பு இருந்து, 2021-இல் 5.13 பதிப்பில்தான் திருத்தினார்கள். அதைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதல். பெரியவர்களும் குடம் போன பிறகு பெயரைப் படித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் திருத்தத்தைப் பார்க்கும் முன்பே நான் என் சொந்த மூளையால் ஒரு திருத்தம் செய்திருந்தேன். ரெண்டு வரியையும் இடம் மாற்றினேன். முதலில் பட்டியலில் சேர், பிறகு 'தயார்' என்று எழுது. சேர்க்கும்போது குடம் இன்னும் வரிசையில்தான் இருக்கிறது, ஆள் எங்கேயும் போக முடியாது. எழுப்புவதோ லாக்கை விட்ட பிறகுதான். அதற்குள் 'தயார்' என்று எழுதி முடித்திருப்பேன். ஒரு ஓட்டையும் தெரியவில்லை. பேனிக் அடியோடு நின்றது. கீழே போய் அம்மாவிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் சோதனை தொங்கியது. பேனிக் இல்லை, சத்தம் இல்லை, கர்சர் மட்டும் மின்னியது. எக்ஸ்வி6-இல் கன்ட்ரோல்-பி அடித்தால் ப்ராசஸ் பட்டியல் வரும். ஒரு வாங்குபவன் மட்டும் 'ஸ்லீப்'. ஜிடிபி என்ற டீபக்கரில் மாட்டி அவன் குடத்தைத் திறந்து பார்த்தால் நிலை 'தயார்', செய்தியும் உள்ளே இருக்கிறது. தண்ணீர் நிறைந்த குடம் வரிசையில் நிற்கிறது, ஆள் தூங்குகிறான், யாரும் கூப்பிடவில்லை. சேர்த்துவிட்டுத்தானே 'தயார்' எழுதினேன்? எழுப்புகிற லூப்பில் பிரிண்ட் போட்டேன். பிரிண்ட் போட்டதும் பிழை காணாமல் போனது. எடுத்தேன், வந்தது. நாலு நாள் இப்படியே போனது.

பிடித்துக் கொடுத்தது பக்கத்து வீட்டுத் தம்பி. மூன்றாம் வருஷம் இன்ஜினியரிங். நான் பேப்பரில் மூன்று கோடு போட்டு மூன்று சிபியுவின் நடப்பை எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஏற்கெனவே வேற ஒருத்தர் பட்டியல்ல மாட்டியிருந்தா நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்கல்ல? அந்த வேற ஒருத்தர் எப்ப எழுப்புவாரு?" என்றான்.

எப்ப வேண்டுமானாலும்! அதுதான் விஷயம். முதல் சிபியுவில் ஒரு போடுபவன் நம் ஆளைப் பட்டியலில் மாட்டிவிட்டு, லாக்கை விட்டு, எழுப்பப் போகும் வழியில் இருக்கிறான். நம் ஆள் அதற்குள் 'தயார்' பார்த்து, செய்தியை எடுத்துக்கொண்டு போய், அடுத்த செய்திக்காகப் புதுக் குடத்தோடு மறுபடி வரிசையில் வந்து நிற்கிறான். கொக்கி மட்டும் இன்னும் முதல் சிபியுவின் பட்டியலிலேயே மாட்டியிருக்கிறது. இப்போது இரண்டாம் சிபியுவில் நான் வருகிறேன். கொக்கி காலி இல்லை, 'சரி, அவர் எழுப்புவார்' என்று நம்பி நகர்கிறேன். அந்த நொடியில் அவர் எழுப்பியே விடுகிறார். நம் ஆள் எழுந்து குடத்தைப் பார்க்கிறான். நான் இன்னும் 'தயார்' எழுதவில்லை. காலி. மறுபடி தூங்கிவிடுகிறான். இப்போது நான் நிதானமாக 'தயார்' என்று எழுதுகிறேன். என் பட்டியலோ காலி, எழுப்ப யாரும் இல்லை.

'லாக்கை விட்ட பிறகுதான் எழுப்புவேன்' என்பது என் பட்டியலுக்கு மட்டும் உள்ள நியதி. அடுத்தவன் பட்டியல் என் லாக்கைப் பற்றிக் கவலைப்படாது. பட்டியலில் சேர்க்கும் அந்த வரியிலேயே ஆள் எழுந்துவிட்டான் என்று நினைத்துத்தான் கோட் எழுத வேண்டும். தள்ளிப்போடுவது லாக்கின் சௌகரியத்துக்கு, என் கணக்குக்கு உத்தரவாதம் அல்ல. லினக்ஸிலும் ஃப்யூடெக்ஸ், ரீடர்-ரைட்டர் செமஃபோர் இரண்டிலும் இதே வரிசைப் பிழை இருந்து, 2019-இல் 5.0 பதிப்பில் சரிசெய்தார்கள். சேர்க்கும் ஃபங்ஷனுக்கு மேலேயே, இதை உடனே எழுப்பும் ஃபங்ஷனாக நினைத்துத்தான் கூப்பிட வேண்டும் என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நான் காப்பி அடித்திருந்தேன். படித்தது மண்டையில் ஏறவில்லை, பட்ட பிறகு ஏறியது.

ஆக, 'தயார்' முதலில் எழுதினால் குடம் போய்விடுகிறது. பிறகு எழுதினால் ஆள் தூங்கிவிடுகிறான். வழி, பெயரை முன்கூட்டியே படித்துக் கையில் வைத்துக்கொள்வது. மாறிப் பெயர்களை இங்கே தமிழில் தருகிறேன்:

ஆள் = குடம்->ஆள்;
பிடி(ஆள்);
குடம்->நிலை = தயார்;
சேர்(பட்டியல், ஆள்);

இரண்டாம் வரி ஆளின் பெயரில் ஓர் எண்ணிக்கையை ஒன்று கூட்டும், எதற்கு என்று கீழே சொல்கிறேன். மூன்றாம் வரி ரிலீஸ் ஸ்டோர், அதாவது 'தயார்' என்பதைப் பார்த்தவனுக்கு அதற்கு முன் எழுதியதெல்லாம் கட்டாயம் தெரியும். அதற்குப் பிறகு குடத்தைத் தொடவே கூடாது. நான்காம் வரியில் கொக்கி காலி இல்லை என்று தெரிந்தால், இரண்டாம் வரியில் பிடித்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அதையும் ஒரு நாள் செய்தேன், விவரிக்க ஒன்றுமில்லை. எழுப்பும் பக்கத்தில் கொக்கியை முதலில் கழற்றிவிட்டுத்தான் எழுப்ப வேண்டும். அப்போதுதான் 'கொக்கி காலி இல்லை' என்று பார்த்து நகர்ந்தவன் எழுதிய 'தயார்', எழுந்தவன் கண்ணில் கட்டாயம் படும்.

அந்த 'பிடி' எதற்கு என்று தம்பி கேட்டான், நியாயமான கேள்வி. ஆளின் பாயின்டரைப் படித்துவிட்டால் போதாதா? போதாது. 'தயார்' பார்த்துப் போன ஆள், நான் எழுப்ப வருவதற்குள் எக்ஸிட்டே ஆகிவிடலாம். எக்ஸ்வி6-இல் ப்ராசஸ் டேபிள் நிலையான அரே, மெமரி எங்கும் போகாது. ஆனால் அதே இடத்துக்குப் புதிதாக ஒரு ப்ராசஸ் குடிவரும். பழைய குடித்தனக்காரருக்கு வந்த தந்தியைப் புதியவரிடம் கொடுத்த கதைதான், காரணமில்லாமல் அவன் எழுவான். எக்ஸ்வி6-இன் சொந்தக் கோட் முழுக்க ஸ்லீப்பை லூப்புக்குள் வைத்திருப்பதால் எழுந்தவன் 'எனக்கில்லை' என்று மறுபடி படுத்துக்கொள்வான். சோதனைக்காக நான் எழுதிய இன்னொரு சிஸ்டம் காலில் சோம்பேறித்தனமாக 'இஃப்' போட்டிருந்தேன். அதில் மாட்டி, காத்திருக்க வேண்டியவன் காத்திருக்காமல் திரும்பி வந்தான். லினக்ஸில் ப்ராசஸ் ஸ்ட்ரக்சரின் மெமரியே விடுபட்டுவிடும், அங்கே இது விளையாட்டில்லை. நான் ஒவ்வொரு ப்ராசஸிலும் ஓர் எண்ணி வைத்து, அது பூஜ்யமாகும்வரை அந்த இடத்தைப் புது ப்ராசஸுக்குத் தராதபடி ஒரு நிபந்தனை சேர்த்தேன். ஒரே வரி.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிழை இல்லை, ஆனால் செய்தி சேர எடுக்கும் நேரத்தை அளந்தால் அவ்வப்போது ஒன்று பத்தில் ஒரு நொடிக்கு மேல் பிந்தி வந்தது. பத்தில் ஒரு நொடி என்றதும் பொறி தட்டியது. கியூஎமுவில் எக்ஸ்வி6-இன் டைமர் டிக் ஏறத்தாழ அதுதான்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஒரு வரியில் புரியும். 'நாலு பேரைக் கூட்டிட்டு வரேன்' என்று பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினவன் கேட்டுக்கு இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டான். நாலு பேரும் அந்தப் பக்கம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்பின்லாக் பிடித்திருக்கும்போது எக்ஸ்வி6 இன்டரப்டை (சிபியுவின் வேலையை இடைமறிக்கும் சைகை) நிறுத்திவைக்கும். அந்த நேரத்தில் டைமர் அடித்தால் அது வாசலில் காத்து நிற்கும். லாக்கை விட்ட கணமே இன்டரப்ட் திறக்கும், டைமர் உள்ளே வரும், என் சிபியுவை இன்னொரு ப்ராசஸுக்குக் கொடுத்துவிடும். அதாவது லாக்கை விடுவதற்கும் எழுப்புவதற்கும் நடுவில் உள்ள அந்தச் சந்து, டைமர் குறிவைத்து வந்து இறங்கும் இடம். தற்செயலான இடம் என்று நான் நினைத்திருந்தது தப்பு. பட்டியலோ என் ஸ்டாக்கில். நான் மறுபடி ஓடினால்தான் அவர்கள் எழுவார்கள்.

திருத்தம் எளிது. லாக்கை விடும் முன்பே இன்டரப்டை நிறுத்தும் 'புஷ்-ஆஃப்' இன்னொன்று, பட்டியல் முழுவதையும் எழுப்பிய பிறகு அதைத் திறக்கும் 'பாப்-ஆஃப்'. நடுவில் இன்டரப்ட் வராது. லினக்ஸின் ஆர்டி-மியூடெக்ஸ் என்ற லாக்கிலும் எழுப்பி முடியும்வரை ப்ரீஎம்ப்ஷனை (ஓடுபவனிடமிருந்து சிபியுவைப் பிடுங்குவதை) நிறுத்திவைக்கிறார்கள். அங்கே காரணம் இன்னும் கனமானது: கடன் வாங்கிய உயர் முன்னுரிமையை லாக்கோடு திருப்பிக் கொடுத்தவன், எழுப்பும் முன்பே ஓரங்கட்டப்பட்டால் காத்திருக்கும் உயர்ந்தவனும் சேர்ந்து மாட்டிக்கொள்வான். இப்படி நிறுத்திவைப்பதற்கு ஒரு விலை உண்டு, பட்டியல் நீளமானால் இன்டரப்டும் அவ்வளவு நேரம் நிற்கும். என் பெட்டியில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் எட்டுப் பேரைத்தான் எழுப்புகிறேன், அதனால் கண்டுகொள்ளவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் என்னால் கண்ணால் பார்க்க முடியவில்லை. கம்பேர்-ஸ்வாப் தோற்றுப்போனால் அது மெமரி வரிசைக்கு எந்த உத்தரவாதமும் தர வேண்டியதில்லை. 'தயார்' என்று எழுதியது மற்ற சிபியுவுக்குத் தெரியும் முன்பே 'கொக்கி காலி இல்லை' என்று பார்த்துவிட்டு நகர்ந்தால் பழைய தொங்கல் திரும்ப வரும். ஆனால் என் லேப்டாப் இன்டெல். அங்கே லாக் முன்னொட்டு போட்ட கம்பேர்-ஸ்வாப் தோற்றாலும் முழு ஃபென்ஸ்தான், முன்னால் எழுதியது மற்றவர்களுக்குத் தெரியும்வரை தாண்டவிடாத வேலி. கியூஎமு அதன் மேலேதான் ஓடுகிறது. கம்பைலை எத்தனை தடவை பக்கத்தில் ஓடவிட்டாலும் இது இங்கே விழுவது சந்தேகம்தான். பேப்பரில் கோடு போட்டுப் பார்த்து, ஸ்வாப்புக்கு முன்னால் ஒரு முழு ஃபென்ஸ் வைத்தேன். லினக்ஸிலும் அந்த இடத்தில் அதையேதான் வைத்திருக்கிறார்கள். நிஜ ரிஸ்க்-ஃபைவ் போர்டு கைக்கு வந்தால் ஃபென்ஸை எடுத்துவிட்டு ஒரு ராத்திரி ஓட்டிப் பார்க்க ஆசை.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு எல்லாத் திருத்தமும் சேர்த்து, பக்கத்தில் கம்பைல் லூப்பையும் போட்டு ஓடவிட்டேன். காலையில் ஐந்தரைக்கு எழுந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு நின்றது. கரண்ட் போய்விட்டது, என் லேப்டாப் பேட்டரி பத்து நிமிஷம்தான் தாங்கும்.